மெதுவாக அறிகிறவர்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகும் பாதையிலுள்ள ஆலைகளில் நேரத்தை நொடிகளாக எண்ணுகிறார்கள். லைனில் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு ஸ்டேஷனில் நிற்பவர் போல்ட்டை முடுக்கி, டார்க் சரிபார்த்து, ஸ்கேன் செய்து அனுப்ப இத்தனை நொடி என்று முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள். டாக்ட் டைம் என்ற அந்தச் சொல்லை டிரெய்னிகள் சேர்ந்த சில நாட்களிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அதற்குள் முடிப்பவர் கெட்டிக்காரர். முடிக்காதவர் லைனை நிறுத்துகிறவர். இதே வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர், மரபுக் கணக்கின்படி 1017இல் இராமானுசர் பிறந்த ஊர். அறிவு யாருடையது, அது சுருங்கும்போது அறிபவருக்கு என்ன நேர்கிறது என்று அவரைப்போல் நுணுகி ஆராய்ந்தவர்கள் குறைவு. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளிகளின் சிந்தனைத் திறன் குறித்துச் சில பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி அதே கேள்வியை மருத்துவமனை வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. ஒருவருடைய எண்ணம் வேகம் இழந்தால் அந்த ஆளே குறைந்துபோகிறாரா? குறைவதில்லை என்பது என் வாதம். அது உண்மையானால் சுற்றியிருப்பவர்கள் மீது ஒரு கடன் விழுகிறது என்பதும் அந்த வாதத்தின் பகுதிதான்.

தமிழக அரசின் உதவித்தொகைப் பட்டியலில் இந்த நோய்க்குத் தண்டுவட மரப்பு நோய் என்று பெயர். தண்டுவடம் என்றதும் கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது ஆகியவைதான் நினைவுக்கு வருகின்றன. மூளையும் இதில் அதே அளவுக்குத் தாக்கப்படுகிறது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையைத் தன் எதிரியாக எண்ணி அழிக்கிறது. நல்ல உறையுள்ள இழையில் செய்தி நொடிக்கு நூறு மீட்டர் வரைகூடப் பாயும். உறை சிதைந்த இடத்தில் அது தாமதிக்கும், சில இடங்களில் நின்றேவிடும். நோய் பெரும்பாலும் 20 வயதுக்கும் 40க்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இது அரிது; மங்களூரு நகரில் நடந்த ஆய்வு லட்சத்துக்கு எட்டுப் பேர் அளவில் கணக்கிட்டது. ஆனால் அது வரும் வயதைப் பாருங்கள். விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஏறி எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்குப் போகும் பெண்களின் வயது அது.

இந்நோயை 1868இல் பாரிஸின் சால்பெத்ரியே மருத்துவமனையில் தெளிவாக வரையறுத்த ழான்-மார்த்தேன் ஷார்கோ, நோயாளிகளின் நினைவு தளர்வதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் கவனித்துப் பதிவு செய்தார். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு மருத்துவம் அந்தக் குறிப்பைக் கடந்து போய்விட்டது. சிந்தனைப் பாதிப்பு நூற்றில் மூன்று, ஐந்து பேருக்கு வரக்கூடும் என்று பாடநூல்கள் எழுதின. இவ்வளவு நாள் அது கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. இந்நோயாளிகளின் பேச்சு பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சொல்வளம், பொது அறிவு, பழைய நினைவுகள் பெரிதாகக் குலையா. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 1991இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஸ்டீபன் ராவும் குழுவினரும், மருத்துவமனைக்கு வெளியே வாழும் 100 நோயாளிகளையும் அவர்களுக்கு நிகரான வயதும் படிப்பும் கொண்ட நலமான 100 பேரையும் விரிவான சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். நலமானவர்களிலும் தவறுவோரைக் கழித்த பிறகு, நோயாளிகளில் 43 விழுக்காட்டினருக்குப் பாதிப்பு இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் 40 முதல் 65 விழுக்காடு வரை சொல்கின்றன. அந்தக் குழுவின் இரண்டாம் கட்டுரை இன்னும் கவனிக்கத்தக்கது. உடல் ஊனத்தின் அளவில் வேறுபாடில்லாத நோயாளிகளை ஒப்பிட்டபோது, சிந்தனைப் பாதிப்பு உள்ளவர்களே வேலையில் இல்லாதவர்களாக அதிகம் இருந்தார்கள். கால் நடந்தது, கை பிடித்தது, ஆனாலும் வேலை போனது.

பாதிக்கப்படுவது எது? ஆராய்ச்சியாளர்கள் அதிகம் நம்பும் சோதனை ஒரே ஒரு தாளில் அடங்கிவிடுகிறது. தாளின் உச்சியில் ஒன்பது குறிகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை ஓர் எண். கீழே அதே குறிகள் மட்டும் கலைந்து, எண்ணில்லாமல், வரிசை வரிசையாக. மேலே பார்த்து எந்தக் குறிக்கு எந்த எண் என்று வாயால் சொல்லிக்கொண்டே போகவேண்டும். 90 நொடி. படித்த இளையவர்கள் பலர் ஐம்பதைத் தாண்டிவிடுவார்கள். முன்பு எடுத்ததைவிட நான்கு குறைந்தால்கூட வாழ்க்கையில் ஏதோ மாறுகிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தாளில் புத்திசாலித்தனம் எதுவும் தேவையில்லை. எந்தக் குறியும் கடினமானதல்ல. கேட்கப்படுவது வேகம் மட்டுமே. அங்கேதான் இந்நோயாளிகள் பெரும்பாலும் பின்தங்குகிறார்கள். 1990களின் இறுதியில் நியூ ஜெர்சியில் ஜான் டெலூகாவும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு படி மேலே போனார்கள். மனக்கணக்குச் சோதனையில் எண்கள் வரும் வேகத்தை ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி மாற்றிக்கொடுத்தார்கள். போதிய நேரம் கிடைத்ததும் நோயாளிகளின் துல்லியம் நலமானவர்களின் துல்லியத்துக்கு இணையாக வந்தது. விடை அவர்களிடம் இருந்தது. அது வந்துசேர நேரம் பிடித்தது, அவ்வளவே. நோய் முற்றியவர்களிடம் வேகத்தோடு வேறு திறன்களும் குலைகின்றன. அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் பெருந்தொகையானோர் விஷயத்தில், அறிவதும் விரைந்து அறிவதும் இருவேறு சங்கதிகள் என்பதை இந்த ஆய்வு பிரித்துக் காட்டிவிட்டது.

இனி இராமானுசர். தாம் எழுதிய ஸ்ரீபாஷ்ய உரையில், முதல் சூத்திரத்துக்கான நெடிய வாதத்திலேயே அவர் ஒன்றை நிலைநாட்டுகிறார்: உணர்வு என்று ஒன்று யாருக்கும் சொந்தமில்லாமல் அந்தரத்தில் நிற்பதில்லை. எந்த உணர்வும் ஒருவருடையது, ஏதோ ஒன்றைப் பற்றியது. ஆன்மா அறிவே வடிவானது. அதோடு அறிவைத் தன் பண்பாகவும் கொண்டது. 'நான்' என்று தனக்குத்தானே விளங்கும் முதலாவது கூடுவதுமில்லை குறைவதுமில்லை. இரண்டாவதற்குத் தர்மபூத ஞானம் என்று பெயர். புலன்களின் வழியே வெளியே சென்று பொருள்களைப் பற்றுவது அதுவே. சுருங்குவதும் விரிவதும் அதற்கே உரியவை. இரண்டையும் விளக்குச் சுடரோடும் அதன் ஒளியோடும் ஒப்பிடுகிறார். ஒளி சுடரைவிட்டுத் தனியே இராது, ஆனாலும் சுடரும் ஒளியும் ஒன்றே அல்ல. ஒளி படரும் பரப்பு குறைந்தாலும் சுடர் இருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் இந்த ஞானம் முழுதும் ஒடுங்குகிறது. விழித்தவர் நன்றாகத் தூங்கினேன் என்கிறார். அந்த ஒடுக்கத்திலும் அந்த 'நான்' தொலையவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆசாரியர் மையலினைப் பற்றி எதுவும் அறிந்திருக்க முடியாது. அவரை விஞ்ஞானியாக்குவது அவருக்கும் மரியாதையில்லை, விஞ்ஞானத்துக்கும் மரியாதையில்லை. நான் அவரிடம் எடுத்துக்கொள்வது ஒரு பாகுபாட்டை மட்டும்: அறிபவர் வேறு, அறிவின் அப்போதைய பரப்பு வேறு. மில்வாக்கியிலும் நியூ ஜெர்சியிலும் கண்டதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான மொழி எனக்குத் தெரியவில்லை.

உடனே ஒரு மறுப்பு எழும். உறை கரைந்தால் அறிவு மந்தமாகிறதென்றால் அறிவு மூளையின் வேலை என்றுதானே ஆகிறது, நடுவில் ஆன்மா எதற்கு? இந்த மறுப்பை அலட்சியப்படுத்த முடியாது. எந்த எம்.ஆர்.ஐ. படமும் ஆன்மாவைக் காட்டியதில்லை, காட்டப்போவதும் இல்லை. ஆனால் அறிவு உடலையும் புலனையும் சார்ந்தே வெளிப்படுகிறது என்பதை இராமானுசர் மறுக்கவே இல்லை; சுருக்கம் என்ற கருத்தின் பொருளே அதுதான். ஆகவே மூளைப் புண்ணுக்கும் மந்தத்துக்கும் உள்ள தொடர்பு அவருக்கு எதிரான சான்றாகாது. ஆதரவான சான்றும் ஆகாது. என் வாதத்துக்கு வேண்டியது அதைவிடச் சிறியது: ஆளும் மதிப்பெண்ணும் ஒன்றல்ல என்பது. அதை நாத்திகரும் ஏற்கலாம். படத்தில் தெரியும் சேதம் ஏறக்குறைய சமமாக இருக்கும் இருவரில், வாழ்நாளெல்லாம் வாசிப்பிலும் மூளைக்கு வேலை தரும் பழக்கங்களிலும் ஊறியவர் நினைவை நன்றாகத் தக்கவைக்கிறார் என்று ஜேம்ஸ் சுமோவ்ஸ்கியின் ஆய்வுகள் காட்டின. ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையும் அந்தக் கணக்கில் சேர்கிறது. புண்களை மட்டும் எண்ணி ஆளை அளந்துவிட முடியாது.

இன்னொரு மறுப்பு உள்ளிருந்தே வருகிறது. முன்பு விரைவாக யோசித்தேன், இப்போது முடியவில்லை என்கிறார் நோயாளி. இரண்டு நிலைகளையும் ஒப்பிடும் அந்த ஒருவர் இரண்டிலும் தொடர்கிறார் என்று இராமானுசர் வழியில் வாதிடலாம். நேற்றுக் கண்டவனே இன்றும் காண்கிறேன் என்ற அடையாள உணர்வு அவருடைய வலுவான கருவி. ஆனால் ரால்ப் பெனடிக்ட் பஃபலோவில் உருவாக்கிய வினாத்தாள் ஒரு சங்கடத்தைக் காட்டியது. தன் மறதியைப் பற்றி நோயாளி சொல்வது சோதனை முடிவோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை, மனச்சோர்வோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது. கணவனோ தாயோ அருகிலிருந்து சொல்வது சோதனையோடு நன்றாகப் பொருந்துகிறது. தன்னைப் பற்றியே தவறாக அறிகிறவரை அறிபவர் என்று எப்படிச் சொல்வது? தவறான அறிவுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு என்பதே விடை. தன் நிலையை ஆன்மா பிழையில்லாமல் அறியும் என்று இராமானுசர் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கட்டுண்ட உயிரின் ஞானம் மறைக்கப்பட்டது, பிறழக்கூடியது என்றுதான் அவர் சொல்கிறார். தன்னை அளப்பதில் ஒருவர் பிழைபட்டால், அவரை அறிந்த இன்னொருவர் துணை நிற்க வேண்டும் என்றே இந்த ஆய்விலிருந்து தேறுகிறது.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஆறுதலும் ஒன்று உண்டு. நம் வீடுகளில் அதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். உடம்புக்குத்தான் நோய், ஆத்மாவுக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. அத்வைதத்தின் நுட்பமான சாட்சிக் கோட்பாடு இதுவன்று. அதன் மலிந்த வடிவம். அன்போடு சொல்லப்பட்டாலும் அது நோயாளியைக் கைவிடுகிறது. மளிகைக் கணக்கில் தடுமாறுகிறவருக்கு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதையும் பிடிக்க முடியாதவருக்கு, அந்த இழப்பு மெய்யானது. இராமானுசரிடம் ஒளி சுடரின் மெய்யான பண்பு, மாயத்தோற்றமன்று. எனவே சுருக்கமும் மெய்யான துன்பம். அறிபவர் அப்படியே இருக்கிறார் என்று சொல்லும் அதே மூச்சில், அவருக்கு ஒரு பேரிழப்பு நேர்ந்திருக்கிறது என்றும் சொல்ல முடிகிற தத்துவம்தான் இந்நோய்க்கு அருகில் நிற்கும் தகுதி உடையது. மில்வாக்கி ஆய்வில் வேலை இழந்தவர்களிடம் போய் உங்கள் ஆத்மாவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வருவது சமயமாகாது.

இங்கே கர்மத்தின் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஞானச் சுருக்கத்துக்குக் காரணம் கர்மம் என்பது அந்த மரபின் தெளிவான நிலை. அப்படியானால் நோயுற்ற பெண்ணைப் பார்த்து நீ செய்த வினை என்று சொல்ல அது வழிவிடுகிறதா? அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், மாமியார் வீடுகளில் இன்னும் உரக்க. ஆனால் கோட்பாட்டைக் கவனமாகப் படித்தால் அந்தக் குற்றச்சாட்டுக்கு இடமில்லை. பிறவியில் கட்டுண்ட எல்லா உயிருக்கும் ஞானம் சுருங்கியே இருக்கிறது. 90 நொடியில் எழுபது சொன்னவருக்கும் முப்பது சொன்னவருக்கும் நடுவில் இருப்பது அளவு வேறுபாடு மட்டும். முழுமையான விரிவுக்கு முன்னால் இருவரும் இருட்டில் இருப்பவர்களே. சோதிக்கும் மருத்துவரும், டார்கெட் வைக்கும் சூப்பர்வைசரும் அந்தச் சுருக்கத்துக்குள்தான் இருக்கிறார்கள். அனைவருக்கும் பொதுவான ஒன்றைக் காட்டி ஒருவரை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

அறிபவர் குறையவில்லை, அவருக்குத் தேவைப்படுவது நேரம் என்றால், நேரம் தருவது நீதியின் விஷயமாகிறது. லைன் எப்படிக் காத்திருக்கும் என்று கேட்பார்கள். ஒருவர் ஐந்து நொடி தாமதித்தால் பின்னால் நிற்பவர் அத்தனை பேரும் நிற்கவேண்டும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எல்லா ஸ்டேஷனையும் மெதுவாக்கு என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஓர் ஆலையில் டாக்ட் டைமுக்குக் கட்டுப்படாத வேலைகளும் இருக்கின்றன: ஸ்டோர்ஸ், குவாலிட்டி பதிவேடு, கருவி வழங்குமிடம், புதியவர்களுக்குப் பயிற்சி. கூடுதல் நேரம் என்ற கருத்தும் நமக்குப் புதிதன்று. எழுதுபவர் துணையோடு தேர்வு எழுதும் மாற்றுத்திறனாளிக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரவேண்டும் என்பது 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல். நாட்பட்ட நரம்புக் கோளாறால் எழுத முடியாத விகாஷ் குமார் என்ற தேர்வர் தொடுத்த வழக்கில், 40 விழுக்காடு ஊனம் என்ற வரம்புக்குக் கீழே இருப்பவருக்கும் நியாயமான இடவசதி பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்கிளரோசிஸும் ஒன்று. ஆனால் பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கக்கூடாது என்ற அதன் விதி அரசு நிறுவனங்களையே கட்டுப்படுத்துகிறது. கான்ட்ராக்டில் லைனில் நிற்பவருக்கு அது எட்டாது. நோயின் கடுமையை மருத்துவர்கள் வழக்கமாக அளக்கும் கர்ட்ஸ்கேயின் அளவுகோலோ பெரிதும் நடையை வைத்தே எண்ணுகிறது. நன்றாக நடந்து வருகிறவருக்கு என்ன குறை என்று கேட்டுவிடுவது எளிது. வெளியே தெரியாத சுருக்கம் சோம்பல் என்றும் அக்கறையின்மை என்றும் பெயர் வாங்கிக்கொள்கிறது.

கடினமான மறுப்பைக் கடைசிக்கு வைத்தேன். வேகம் மட்டும் குறைந்தவரைப் பற்றி இதெல்லாம் சரி. நினைவே அறுந்துபோகிறவரை என்ன சொல்வது? சிலருக்குப் புதிதாகக் கற்பது பதிவதில்லை, திட்டமிட வருவதில்லை, முன்பிருந்த ஆர்வமும் பரிவும் மங்குகின்றன. இராமானுசரையே இது சங்கடத்தில் தள்ளும். ஸ்ரீபாஷ்யத்தில் பக்தி என்பது இடையறாத நினைவு. நினைவு இடையறுபவருக்கு மோட்ச வழி மூடிவிடுகிறதா? வைணவ மரபு இந்தக் கேள்வியைக் கண்டு ஒதுங்கவில்லை. பெரியாழ்வார் அரங்கனிடம் வைக்கும் ஒரு விண்ணப்பமே இதைப் பற்றியதுதான்: வேதனை வரும் வேளையில் தன்னால் நினைக்க இயலாமல் போகும், ஆகையால் தெளிவு இருக்கும்போதே முன்கூட்டித் தெரிவித்துவிடுகிறார். வராக சரம சுலோகம் என்று ஆசாரியர்கள் போற்றும் வாக்கில், நினைவிழந்து கட்டையாய்க் கிடப்பவனைத் தானே நினைப்பதாகப் பெருமாள் ஏற்கிறார். இராமானுசர் பெயரில் வழங்கும் சரணாகதி கத்யமும் கடைசித் தருணத்துத் தெளிவை அருளின் பொறுப்பில் விடுகிறது. நினைவைக் காக்கும் சுமை இங்கே நினைக்கப்படுகிறவர் பக்கம் மாறுகிறது. சரணாகதிக் கருத்தின் ஆழம் எனக்கு இதில்தான் பிடிபடுகிறது. அறிபவர் என்ற நிலை தன் நினைவின் பலத்தில் மட்டும் நிற்பதாக இருந்தால் எந்த மனிதருக்கும் அது நிலைக்காது.

தெய்வம் நினைத்துக்கொள்ளும் என்று மனிதர்கள் கைகழுவிவிட இது சாக்காகலாம். ஆனால் பெரியாழ்வார் செய்ததை மறுபடி பாருங்கள்: தெளிவாக இருக்கும் காலத்திலேயே, தன் வாயால் சொல்கிறார். நினைவுப் பயிற்சிகள் ஓரளவே கைகொடுக்கின்றன. 2013இல் நான்சி சியாரவலோட்டியின் குழு, கதையாகக் கோத்து நினைவில் நிறுத்தும் முறையைப் பத்து அமர்வுகளில் கற்பித்து நல்ல பலன் கண்டது. பிரிட்டனில் 449 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், குழுப் பயிற்சி ஓராண்டுக்குப் பின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தவில்லை. மருந்தோ பயிற்சியோ இழந்ததை முழுதும் மீட்டுத் தராத நிலையில், தெளிவான ஆண்டுகள் விலைமதிப்பற்றவை. சிந்தனையையும் இந்நோய் தொடும் என்பதை நோய் கண்டறிந்த உடனேயே சொல்லிவிட வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான். பயந்துவிடுவார்கள் என்று குடும்பமும் மருத்துவரும் மறைக்கிறார்கள். பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் சிகிச்சை எதுவரை, பணம் யார் பொறுப்பில், பிள்ளைகளின் படிப்பை யார் பார்ப்பது, எந்த வேலையில் தன்னால் நீடிக்க முடியும் என்று தன் வாயாலேயே சொல்லிவைக்க நோயுற்றவருக்கு இருக்கும் காலம் அதுதான். மறைப்பவர்கள் எடுத்துக்கொள்வது அந்தக் காலத்தை.